நாற்பத்தொரு தப்படி

தவசிமுத்து கிரவுண்டை விற்றுவிட்டார் என்று எனக்குச் சொன்னவள் ஷெரின். அவளுக்குச் சொன்னது அவளுடைய சித்தப்பா. சித்தப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில எல்லாருமே சொல்லுதாகளாம்க்கா" என்றாள்.

தோஹாவில் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து, ஆளுக்கொரு காகிதக் கப்பில் டீயோடு நின்றுகொண்டிருந்தோம். ஷெரின் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பிறந்தது ராஜபாளையம், அவள் ஸ்ரீவில்லிபுத்தூர். அதனால் ஊர்ச் செய்தி எது வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போவாள்.

"கோல் போஸ்ட்டைப் புடுங்குனதே அவருதானாம். அதுக்குக் கூலியா ஒரு பிளாட்டு எழுதிக் குடுத்திருக்காகளாம். வயசான காலத்துல இப்பிடியா செய்வாரு மனுசன்?"

கோல் போஸ்ட்டைப் பிடுங்கியது அவர்தான். அது எனக்குத் தெரியும். என் சின்ன வயதில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அதைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். செய்தியில் பாதி உண்மையாக இருந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. முழுப் பொய்யைச் சிரித்துத் தள்ளிவிடலாம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், இரண்டு ஊருக்கும் நடுவில், கொஞ்சம் உள்ளே தள்ளி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின்னிங் பேக்டரி இருந்தது. அதன் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. பேக்டரிக்கு முன்னால் மூன்று ஏக்கர் கட்டாந்தரை. திங்கள் முதல் சனி வரை அது பருத்தி காயப்போடுகிற களம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் கால்பந்து மைதானம். பஞ்சு கிரவுண்டு என்பார்கள். மூலையில் தங்கியிருக்கும் பஞ்சு காற்றில் கிளம்பி கோல்கீப்பர் மீசையில் வந்து ஒட்டும். இரண்டு ஊர் அணிகளும் மோதுகிற நாளில் ஐந்நூறு பேராவது கூடுவார்கள்.

"ஏலே பால்கோவா, பந்தை நக்கிக்கிட்டு நிக்காத, உதைலே" என்று எங்கள் ஊர்க்காரர்கள் கத்துவார்கள்.

"உங்க ஊரு நாயைக் கூட்டியாங்கடா, அதாவது பந்து பின்னால ஓடும்" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

என் அப்பா சாம்சன், பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதி மனசோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மத்தியானம் விசிலை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு ரெஃப்ரியாகப் போய்விடுவார். சைக்கிளின் பின்னால் நான். அப்படித்தான் தவசிமுத்து மாமாவை எனக்குத் தெரியும். எந்த அணியிலும் அவர் ஆடியதில்லை. கோடு போடுகிறவர் அவர். அவ்வளவுதான்.

மாமாவுக்குச் சொந்த ஊர் சோழபுரம். வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள். அண்ணன்கள் இருவரும் பட்டாளத்துக்குப் போனார்கள். மூன்றாவதாக இவரும் மதுரைக்குப் போய் வரிசையில் நின்றார். மார்பளவு சரி, உயரம் சரி. பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ரெண்டு மைல் நடக்க முடியாதுன்னு எழுதிட்டான் ஏட்டி அந்த டாக்டரு. நான் சோழபுரத்துல இருந்து மில்லுக்கு நடந்தே வந்து நடந்தே போனவன். முப்பத்தி மூணு வருசம்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த டாக்டர் இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கும். மாமா இன்னும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நூல் மில்லில் அவருக்கு புளோரூம் வேலை. பேல் பேலாக வரும் பருத்தியைப் பிரித்து, தூசி தும்பு எடுத்து, மெஷினுக்குக் கொடுக்கிற இடம். பருத்தியில் கலந்த அழுக்கு நூல் வரைக்கும் போய் எப்படி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். இது தெரிந்ததால்தான் கிரவுண்டு அவர் கைக்கு வந்தது.

1973இல் ஆட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே வம்பு வந்துவிட்டது. சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு ஆடிவிட்டு அப்படியே விட்டுப் போனார்கள். திங்கட்கிழமை அதன்மேல் பருத்தி விரித்தார்கள். பஞ்சில் சுண்ணாம்பு ஏறி, ஒரு மில் பேலைத் திருப்பி அனுப்பிவிட்டது. இனிமேல் பந்து கிடையாது என்று ஜின்னிங் முதலாளி சொல்லிவிட்டார். அப்பாவும் நாலைந்து ஆட்டக்காரர்களும் அவரைப் பார்க்கப் போனபோது, பருத்தி பற்றித் தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டும் என்று மாமாவையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்பா இங்கிலீஷிலும் தமிழிலும் விளையாட்டின் நன்மைகளை எடுத்துச் சொன்னாராம். முதலாளி கணக்கப்பிள்ளையைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாராம். கடைசியில் மாமாதான் வாய் திறந்தார்.

"திங்கக்கெழமை காலையில நீங்க வந்து பாருங்க முதலாளி. இங்க பந்து வெளாண்டதுக்கு ஒரு சின்ன அடையாளம் இருந்தாலும் அன்னையோட நிறுத்திக்கிடுதோம்."

அந்த ஒரு பேச்சில் முப்பது வருசம் ஓடியது.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்கள். மாமாவும் அவர் மனைவி வெள்ளத்தாய் அத்தையும் மட்டும் நிற்பார்கள். கோடு போட்ட இடத்தை மண்வெட்டியால் ஒரு விரற்கடை ஆழத்துக்கு மண்ணோடு சுரண்டி, கூடையில் அள்ளி, ஓடையில் கொட்டிவிட்டு, விளக்குமாற்றால் பெருக்குவார்கள். "தவசி, வீட்டுலயும் இம்புட்டு சுத்தமாத்தான் பெருக்குவியாடே" என்று போகிறபோக்கில் யாராவது கேட்பார்கள். "வீட்டுல அவிய பெருக்குனா நான் எதுக்கு இங்க வந்து பெருக்குதேன்" என்று அத்தைதான் பதில் சொல்வாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலாளி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு களத்தில் நடப்பார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். வெள்ளை ஒட்டியிருக்காது. "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் ஒரு வார்த்தை. அதற்குப் பிறகுதான் மாமா மில்லுக்கு ஷிப்டு ஏறப் போவார்.

கோல் போஸ்ட் விஷயமும் இப்படித்தான். சவுக்குக் கம்பம் நான்கு, மேலே குறுக்குக் கம்பு இரண்டு. வாரம் முழுக்க அவை ஜின்னிங் குடோனில் படுத்திருக்கும். கம்பம் நடுவதற்கென்று, பழைய போர்வெல் குழாயை வெட்டி நான்கு துண்டுகளைத் தரைக்குள் நேராகப் புதைத்திருந்தார். குழாயின் வாய் தரைமட்டத்துக்கு நாலு விரல் கீழே. அதன்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, மண் போட்டு மிதித்துவிடுவார். வண்டி மேலே போனாலும் தெரியாது. மூடிவிட்டால் அந்தக் குழாயை மறுபடியும் கண்டுபிடிக்க அவர் ஒருவரால் மட்டும்தான் முடியும்.

முதன்முதலில் மில் ஸ்டோரிலிருந்து டேப் கடன் வாங்கி அளந்துதான் புதைத்தார்கள். அப்புறம் டேப் கொடுக்க ஸ்டோர்க்காரர் மறுத்துவிட்டார். அதனால் மாமா தன் காலாலேயே கணக்கு வைத்துக்கொண்டார். களத்து ஓரத்தில் ஒரு கிணறு, அதில் மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த காலத்துக் கல் ஒன்று. அந்தக் கல்லில் குதிகாலை ஒட்டி நின்று, புகைபோக்கியைப் பார்த்து, நாற்பத்தொரு தப்படி. ஒரே சீரான நடை. நாற்பத்தொன்றாவது தப்படியில் கால் பெருவிரலுக்குக் கீழே முதல் குழாய் இருக்கும். அங்கிருந்து பக்கவாட்டில் ஒன்பது தப்படி வைத்தால் இரண்டாவது.

பிள்ளைகள் நாங்கள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவோம். அந்த ஒன்பது வரும்போது கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒன்பது என்று ஐந்நூறு பேர் சொல்ல, மாமா குனிந்து விரலால் மண்ணைக் கிளறி, சிரட்டையை எடுத்து மேலே காட்டுவார். அதற்கு விழுகிற கைதட்டல் சில நாள் கோலுக்குக்கூட விழாது. ஒரே ஒரு தடவை பந்தை உதைத்துப் பார்க்கச் சொல்லி அப்பா அவரைக் கூப்பிட்டார். "கோடு போட்டவன் கோட்டுக்குள்ள வரக்கூடாது சார்" என்று சொல்லி மாமா வெளியிலேயே நின்றுகொண்டார்.

எண்பதுகளில் நிலத்தை மறுபடியும் அளந்து பதிவு செய்ய ஆள் வந்தார்கள். வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தரை முழுக்கப் பருத்தி விரிந்து கிடந்தது. கோடு இல்லை, கம்பம் இல்லை. பருத்திக் களம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தவறாகப் படவில்லை. மாமாவுக்குப் பெருமை வேறு. "கவர்மெண்டு ஆளு கண்ணுக்கே தெரியல பாத்தியளா சார்" என்று அப்பாவிடம் வந்து சொன்னார். அப்பாவும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கோப்பை வாங்கிய நாளில் எடுத்த போட்டோவெல்லாம் பேக்டரிச் சுவரோரம் நிழலில் நின்று எடுத்தவை. கிரவுண்டு தெரிகிற படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை.

2003இல் முதலாளி காலமானார். மகன்கள் வெளியூரில் இருந்தார்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து மாமா கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனால், கம்பம் எடுக்கும்போது திறந்திருந்த குடோன் பூட்டிச் சீல் வைத்திருந்தது. களத்தில் விட்டுப் போக முடியாது, சொன்ன சொல் இருக்கிறது. மாட்டுவண்டி பிடித்து நான்கு கம்பத்தையும் சோழபுரத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் களத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே பந்து உருளவில்லை. கம்பங்கள் மாமா வீட்டுப் பின்புறம் மாட்டுக்கொட்டகைக்குக் காலாக நிற்கின்றன. வண்டியில் கம்பம் போனதைச் சாலையில் நாலு பேர் பார்த்திருந்தார்கள். ஷெரினின் சித்தப்பா காதுக்கு இருபத்து இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தது அந்த வண்டிதான்.

*

ஷெரினிடம் பேசிய அன்று சாயங்காலமே மாரீஸ்வரிக்குப் போன் செய்தேன். மாமாவின் ஒரே மகள். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற பேக்டரியில் வேலை. அத்தை இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள்.

"உண்மைதான் ஜெபா, அப்பிடித்தான் பேசுதாக" என்றாள். "களத்தைப் பிளாட்டு போட்டுட்டாக. கல்லு நட்டாச்சு. பத்துல ஒரு பங்கு பொது எடமா விடணுமாம்லா, அதை ஓடைக்கரையில வாலு மாதிரி நீளமாக் காட்டியிருக்கான். அதுல ஆடு மேய்க்கக்கூட ஏலாது. பாண்டிதுரை மாமா எல்லாரும் சேந்து மனு குடுத்திருக்காக. பழைய கோல் இருந்த எடத்தைப் பொது எடமா விடுங்கன்னு."

பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்குப் பதினாறு வருடம் கோல்கீப்பர். போலீஸில் இருந்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். மனுவை விசாரித்த அலுவலர் நியாயமான ஆள் போலிருக்கிறது. ஆவணத்தில் களம் என்றுதான் இருக்கிறது, அங்கே கிரவுண்டு இருந்ததற்குத் தரையில் ஏதாவது காட்டுங்கள், பரிசீலிக்கிறேன் என்றாராம். தரையில் காட்ட என்ன இருக்கிறது? முப்பது வருடம் ஒன்றுமே இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒருத்தரின் வேலையாக இருந்தது.

"அப்பா குழாயைக் காட்டுதேன்னு சொல்லிருக்காரு" என்றாள் மாரீஸ்வரி. "முதல்ல மாட்டேன்னாரு. முதலாளிக்குக் குடுத்த வாக்குன்னாரு. முதலாளி செத்து இருபது வருசமாச்சுப்பா, அவரு காலை வச்சுப் பாக்கவா போறாருன்னு நான்தான் சண்டை போட்டேன். இப்பம் ஊருக்குள்ள பிளாட்டு வாங்குனாருன்னு பேச்சு வந்த பொறவு அவரே கெளம்பிட்டாரு. ஞாயித்துக்கெழமை தோண்டுதாக."

ரெண்டு குழிக்கு மேல் தோண்டக்கூடாது என்று பிளாட் போட்டவர்களின் மேனேஜர் சொல்லியிருந்தார். கிணறு இன்னும் இருந்தது. கிணற்றை மூடினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஏதோ ஜோசியர் சொன்னதால் அதை விட்டுவைத்திருந்தார்கள். கமலைக் கல்லும் இருந்தது. கல் இருந்தால் போதும், கால் தன்னிடம் இருக்கிறது என்று மாமா சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி வீடியோ எடுத்து அனுப்பினாள். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. எழுபத்து நாலு வயது. கமலைக் கல்லில் குதிகாலை ஒட்டி நின்றார். புகைபோக்கியைப் பார்த்தார். சுற்றிலும் முப்பது பேர் இருந்தார்கள். யாரும் எண்ணவில்லை. அவரே முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். நாற்பத்தொன்று வந்ததும் பெருவிரலை ஊன்றி, "இங்க" என்றார்.

இரண்டு ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். மண் அடித்து மேடாக்கியிருந்ததால் மூன்றடி போக வேண்டியிருந்தது. ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒன்பது தப்படி வைத்துக் காட்டினார். அங்கேயும் மூன்றடி. செங்கல் துண்டு ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

"குழாயும் சோழபுரத்துக்கு வண்டியேறிட்டோ என்னமோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

பாண்டிதுரை சிரிக்கவில்லை. வீடியோவில் அவர் முகம் தெரிந்தது. "தவசி, உண்மையச் சொல்லு. குழாய் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எத்தனை தப்படி?"

"நாப்பத்தொண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாப்பத்தொண்ணு."

வீடியோ அங்கே முடிந்தது. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று மாரீஸ்வரி எழுதியிருந்தாள். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அலுவலர் நேரில் வருகிறார், அவர் முன்னால் கடைசியாக ஒரு குழி தோண்டலாம், அதோடு முடிந்தது என்றும் எழுதியிருந்தாள்.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லப்போவதில்லை. ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தேன். மதியம் பார்த்தேன். ஊரில் தோண்டிய குழியையே நினைத்துக்கொண்டு, இங்கே நான் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். மாமா பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் மறதியா? மறதி என்றால் தயங்கியிருப்பார். அவர் தயங்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமைதான் என் கண்ணில் அந்தக் கற்கள் பட்டன. மாமா நடந்த வழியை ஒட்டி மஞ்சள் பூசிய பிளாட் கற்கள் வரிசையாக நின்றன. மாரீஸ்வரி முன்பே அனுப்பிய மனை வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வரிசையில் ஒவ்வொரு பிளாட்டுக்கும் முகப்பு முப்பது அடி. கல்லுக்குக் கல் முப்பது அடி. வீடியோவை மெதுவாக ஓடவிட்டு எண்ணினேன். ஒரு கல்லைத் தாண்டி அடுத்த கல்லைத் தாண்ட மாமா பதினைந்து தப்படி வைத்தார். மறுபடியும் எண்ணினேன். பதினைந்துதான். ஒரு தப்படிக்கு இரண்டு அடி.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு? இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோல் போஸ்ட்டின் அகலம் எட்டு கஜம், இருபத்து நாலு அடி, உலகம் முழுக்க ஒரே அளவு. மாமா அதை ஒன்பது தப்படியில் கடந்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணியிருக்கிறோம். இருபத்து நாலை ஒன்பதால் வகுத்தால் இரண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படி நாற்பத்தொரு தப்படி என்றால் நூற்றொன்பது அடி. ஞாயிற்றுக்கிழமை அவர் போய் நின்றது எண்பத்து இரண்டு அடியில். எண் மாறவில்லை. கால் மாறியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் வாசலிலேயே நின்று போன் செய்தேன்.

"மாமா, ஜெபா பேசுறேன்."

"சொல்லு தாயி. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். கல், பதினைந்து, ஒன்பது, எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தொண்டையைச் செருமினார். "என் காலு எனக்குத் தெரியாதா ஏட்டி? அன்னைக்கு வச்ச தப்படிதான் இன்னைக்கும் வைக்கேன். அந்த டாக்டரு சொன்ன மாதிரியே நீயும் சொல்லுதியே."

"மாமா, அப்படிச் சொல்லல."

பின்னாலிருந்து மாரீஸ்வரியின் குரல் கேட்டது. "எப்பா, புரட்டாசில நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனோம்லா. போன வருசம் எனக்கு முன்னால ஏறி நின்னிய. இந்த வருசம் எம்புட்டு நேரம் ஆச்சு? எல்லாருக்கும் வழி விட்டு ஓரமா நின்னு நின்னுதான ஏறுனிய."

"பெருமாளைக் கும்புடப் போற எடத்துல என்ன ஓட்டம்" என்றார் மாமா. ஆனால் குரல் இறங்கிவிட்டது. போனைப் படுக்கையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு தரையில் செருப்பில்லாத காலடி. போய் வந்தது, மறுபடியும் போய் வந்தது. அறையை அளக்கிறார் என்று புரிந்தது.

போனை எடுத்து, "பத்தடி ரூமு" என்றார். "அஞ்சு தப்படி வருது."

"அந்தக் காலத்துல?" என்று கேட்டேன்.

"கட்டுன புதுசுல நாலுகூட முழுசா வராது. சுவத்துல இடிக்கும். வெள்ளத்தாய் சிரிப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்பம் எத்தனைன்னு சொல்லுத?"

"இப்ப உள்ள நடைக்கு அம்பத்தஞ்சு மாமா. இல்லேன்னா டேப்பை வச்சு நூத்தி ஒம்பது அடின்னு அளந்திரலாம்."

"அம்பத்தஞ்சு." அந்த எண்ணை வாயில் போட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. "அம்பத்தஞ்சுல ரோடு வருதே. கிராவல் கொட்டி இறுக்கியிருக்கான். ஆபீசரு சொன்னாத்தான் அதை ஒடைக்க விடுவான்."

"சொல்லுங்க. அலுவலர்கிட்ட நீங்களே காரணத்தைச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? முப்பது பேருக்கு முன்னால நாப்பத்தொண்ணுன்னு சொன்னேன். பாண்டிதுரை ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் சொன்னேன். இப்பம் போயி அம்பத்தஞ்சுங்கணும். அவன் போலீஸ்காரன். வாக்குமூலத்தை மாத்துதியான்னு கேப்பான். ஊரு சிரிக்கும் தாயி. பிளாட்டு வாங்குனவன் இன்னைக்கு ஒண்ணு பேசுவான் நாளைக்கு ஒண்ணு பேசுவான்னு சொல்லும். அதுலயும் குழாய் இல்லேன்னா?"

"இருக்கும் மாமா."

"இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பொதச்சது. ஜேசிபிக்காரன் பிடுங்காம விட்டிருக்கணும்லா." கட்டிலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. "பாக்கேன். நீ போயிச் சாப்பிடு." நான் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பாண்டிதுரைக்கும் போன் செய்தேன். அப்பா பெயரைச் சொன்னதும், "சாம்சன் சார் மகளா, எனக்கு ரெட் கார்டு குடுத்த ஒரே மனுசன் உங்கப்பா" என்று ஆரம்பித்தார். கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். தாளில் எழுதிக்கொண்டார் என்றுகூட நினைக்கிறேன்.

"நீ சொல்லுத கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. ஆனா நீ எங்க இருந்து சொல்லுத? கத்தார்ல இருந்து. ஆபீசர் முன்னால போயி, வெளிநாட்டுல இருக்க ஒரு பிள்ளை சொல்லுச்சு, ரோட்டைத் தோண்டுங்கன்னு நான் சொல்ல முடியுமா? பொதச்சவன் வாயால வரணும். தவசி வந்து, என் காலு சுருங்கிட்டு, கணக்கு இதுன்னு சொல்லட்டும். கடப்பாரையை நானே எடுத்துப் போடுதேன்."

"வதந்தியை நீங்க நம்புறீங்களா மாமா?"

"பதினாறு வருசம் அந்தக் கம்பத்துக்கு நடுவுல நின்னவன் நான். ஒரு நாளு கம்பம் ஆடுனதில்ல. அம்புட்டு ஒழுங்கா நட்டவன் அவன். அவனைப் போயி அப்பிடிப் பேச எனக்கு ஆசையா? குழாய் வந்துட்டுன்னா டீக்கடை டீக்கடையா நானே போயிச் சொல்லுதேன். வரலேன்னா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

கடைசியாக மாரீஸ்வரி ஒரு செய்தி அனுப்பினாள். அப்பா வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறார், ஆனால் நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. தனக்கு லீவு கிடைக்கவில்லை, காலை ஷிப்டுக்குப் போயாக வேண்டும், பேக்டரிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். முகவாயில் கைவைத்த பொம்மை ஒன்றையும் சேர்த்திருந்தாள்.

இன்று வியாழக்கிழமை. இங்கே மணி எட்டரை, ஊரில் பதினொன்று. அலுவலர் வந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஆபீஸ் பஸ் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மாமாவின் எண்ணுக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப் இல்லை. மணி போகிறது. அவர் போனைச் சட்டைப்பையில்தான் வைப்பார். குனிந்தால் விழுந்துவிடும் என்று குனிகிறபோது மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார். கட்டிலில் படுத்திருந்தாலும் இதே மாதிரிதான் மணி போகும். கமலைக் கல்லில் குதிகாலை ஒட்டி நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாலும் எடுக்க மாட்டார். நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும்.

முழுவதும் அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். அடிக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாக என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏழு. எட்டு. ஒன்பது.

இன்னும் அடிக்கிறது.